பெல்ட்டை மாட்டிய கை

ஹம்சா கண் விழித்தபோது அவளுடைய செருப்புகளில் ஒன்று விமானத்தின் கூரையில் மோதிவிட்டு முன்வரிசைக்காரர் தலையில் விழுந்துகொண்டிருந்தது. அது தன் செருப்பு என்பதே அவளுக்கு உடனே புரியவில்லை. அடிவயிற்றை ஏதோ இறுக்கிப் பிடித்து வலித்தது. யாரோ தெலுங்கில் சாமியைக் கூப்பிட்டார்கள். ஒரு குழந்தை வீறிட்டது. மேலிருந்து காபி சொட்டியது.

விமானம் இன்னொரு முறை குலுங்கியது. அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல நேராகப் போக ஆரம்பித்தது. ஜன்னல் வழியாக வெயில் கூட வந்தது.

கொல்கத்தாவிலிருந்து ஹைதராபாத் வரும் மத்தியான விமானம் அது. மே மாதம், கோடை மழைக் காலம். ஹம்சா ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வாகன விபத்துகளை விசாரிக்கும் அதிகாரி. கொல்கத்தா கிளையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு எடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். சளி பிடித்திருந்ததால் மாத்திரை போட்டிருந்தாள். விமானம் மேலேறி பெல்ட் விளக்கு அணைந்ததும், வழக்கம்போல பெல்ட்டைக் கழற்றினாள், செருப்பை உதறினாள், பச்சைச் சால்வையைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு தூங்கிப்போனாள். நடைவழியை ஒட்டிய இருக்கை. அதற்குப் பிறகு அவளுக்குத் தெரிந்தது அந்தச் செருப்புதான்.

நடைவழியில் ஒருவர் விழுந்து கிடந்தார். அறுபது வயது இருக்கும். தலையிலிருந்து ரத்தம் வடிந்து காதோரம் இறங்கியது. "மாதாவே... மாதாவே..." என்று தமிழில் முனகினார். ஹம்சாவுக்கு நேர் எதிரே, நடைவழிக்கு அந்தப் பக்க இருக்கை அவருடையது. பணிப்பெண்கள் இருவர் தட்டுத் தடுமாறி வந்து அவரைத் தூக்கி உட்கார வைத்தார்கள். தோளைத் தொட்டதும் அலறினார்.

"பெல்ட் போடுங்கன்னு அத்தனை தரம் சொன்னாங்களே, இவர் மட்டும் ஏன் எழுந்தார்?" என்று பின்வரிசையில் ஒருவர் இந்தியில் சத்தம் போட்டார்.

ஹம்சாவும் பக்கத்து இருக்கைப் பையனிடம் சொன்னாள், சற்றுச் சத்தமாகவே: "சொன்னா கேக்கணும்ல? இந்த வயசுல இப்படியா?"

பக்கத்து இருக்கைக்காரன் ஜெயந்த். கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். போனில் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டிருந்தான். "ஆன்ட்டி, நீங்க தமிழா? நாங்களும் தமிழ்தான், மாரேட்பள்ளி" என்றான். விமானம் இறங்குவதற்குள் அவன் நம்பரை அவளும் அவள் நம்பரை அவனும் வாங்கிக்கொண்டார்கள். பயந்துபோன மனிதர்களுக்கு அந்த நேரத்தில் யாருடனாவது பேசிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

இறங்கும்போது ஹம்சா பெல்ட்டைக் கழற்றப் போனாள். அது சால்வைக்கு மேலே மாட்டியிருந்தது. வலப்பக்கத்து வார் ஒரு சுற்று முறுக்கிக் கிடந்தது. அதைப் பிரித்துவிட்டு, ஒற்றைச் செருப்போடு இறங்கினாள். மற்றொரு செருப்பை முன்வரிசைக்காரர் வாசலில் வைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் வேலை கதையைச் சொன்னது. கணவன் அனந்தகிருஷ்ணனிடம் சொன்னாள். அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் குரல் செய்தியாகப் போட்டாள். மறுநாள் ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். "பெல்ட் போடாத ஆள் ஒருத்தர், பந்து மாதிரி மேல போயி சீலிங்ல அடிச்சார்" என்பது கதையின் உச்சம். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அனந்தகிருஷ்ணன் மட்டும் முதல் நாளே திருத்தினான். அவன் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பொறியாளன். ஒரு வார்த்தை இடம் மாறினாலும் பொறுக்காதவன். "அவர் மேல போகலை ஹம்சா. பிளேன் கீழ போச்சு. அவர் இருந்த இடத்திலயேதான் இருந்தார். சீலிங்தான் வந்து அவரை அடிச்சது."

"அடிபட்டவருக்கு ரெண்டும் ஒண்ணுதானே?"

"ரெண்டும் ஒண்ணு இல்லை. நீ ஏன் மேல போகலைன்னா உன்னை பிளேன் தன்னோட சேர்த்துக் கீழ இழுத்துண்டு போச்சு. அந்த பெல்ட் இழுத்தது."

அந்தச் சொல் அவளுக்குள் எங்கோ மாட்டிக்கொண்டது. ஆனால் அது வேலை செய்ய ஆரம்பித்தது இரண்டு நாள் கழித்துக் குளிக்கும்போதுதான். அடிவயிற்றில் பட்டையாகக் கன்றிப்போயிருந்தது. இடப்பக்கம் பெல்ட்டின் முழு அகலத்துக்கும் நீலம் பாரித்திருந்தது. வலப்பக்கம் வந்ததும் கயிறுபோல ஒடுங்கிச் சிவந்த கோடாக மாறியிருந்தது. அந்த இடத்தில்தான் வார் முறுக்கியிருந்தது.

தண்ணீரை நிறுத்திவிட்டு அப்படியே நின்றாள்.

பெல்ட்டை அவள் கழற்றியிருந்தாள். அது நன்றாக நினைவிருந்தது. கழற்றிய பிறகுதான் சால்வை. பெல்ட்டோ சால்வைக்கு மேலே இருந்தது. தூக்கத்தில் தானே மாட்டிக்கொண்டாளா? அப்படியென்றால் எதற்கு முறுக்கி மாட்ட வேண்டும்? இருபது வருடமாக விபத்து நடப்பதற்கு முந்தைய நிமிஷத்தைப் பற்றி மற்றவர்களைக் கேட்டுக் கேட்டுப் பழகியவள். பெல்ட் போட்டிருந்தீங்களா, யார் போட்டது, எப்போ போட்டது. இப்போது அவளுடைய முந்தைய நிமிஷமே அவளுக்குத் தெரியவில்லை.

"யாரோ எனக்கு பெல்ட் மாட்டியிருக்கா" என்றாள் கணவனிடம்.

"ஏர் ஹோஸ்டஸா இருக்கும்."

"அவா தூங்கறவாளைத் தட்டி எழுப்புவா. தானே மாட்ட மாட்டா. மாட்டினாலும் முறுக்கி மாட்டுவாளா? தினமும் எல்லாருக்கும் மாட்டிக் காட்டறவா."

அனந்தகிருஷ்ணன் பேப்பரை இறக்கினான். "அது சரிதான்."

அன்றே ஜெயந்தை போனில் கூப்பிட்டாள்.

"என் பெல்ட்டை நீயா மாட்டினே?"

"நானா? இல்ல ஆன்ட்டி. நான் ஹெட்போன் போட்டு மேட்ச் பார்த்துட்டு இருந்தேன். என் பெல்ட் நான் கழட்டவே இல்ல, அவ்வளவுதான்."

"யாரும் என் பக்கத்துல வந்தாங்களா? யோசிச்சுச் சொல்லு. அவசரமில்லை."

ஜெயந்த் யோசித்தான். பின்னால் யாரோ தெலுங்கில் அவனைச் சாப்பிடக் கூப்பிடுவது கேட்டது. "ஒக்க நிமிஷம் அம்மா" என்றான். பிறகு, "ஒரு கை வந்துச்சு ஆன்ட்டி" என்றான்.

"கையா?"

"அவுனு, கைதான். நான் ஸ்கிரீனைத்தான் பார்த்துட்டு இருந்தேன். ஓரத்துல ஒரு கை. நீலச் சட்டை, முழங்கை வரைக்கும் மடிச்சு விட்டிருந்தது. உங்க மடி மேல ஏதோ பண்ணிச்சு. உங்க வீட்டுக்காரர்தான் சால்வையைச் சரி பண்றார்னு நினைச்சேன். அப்புறம் உடனே பிளேன் விழுந்துச்சு."

"உடனேன்னா?"

"உடனேதான். ஒரு ஓவர் கூட முடியலை."

"நீ எடுத்த வீடியோவை அனுப்பேன்" என்றாள்.

வீடியோ வந்தது. ஆடி ஆடி எடுத்த படம். தொங்கும் பிராணவாயு முகமூடி ஒன்று, தரையெல்லாம் காபிக் கோப்பைகள், சிந்திய கடலை. அதற்கு நடுவே குப்புறக் கிடந்தவர். நீலச் சட்டை, கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தார். படத்தின் பின்னணியில் ஒரு பெண் குரல் தெளிவாகக் கேட்டது: 'சொன்னா கேக்கணும்ல? இந்த வயசுல இப்படியா?'

அந்த இடத்தை மட்டும் ஹம்சா திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு வாட்ஸ்அப் குழுவைத் திறந்து, தான் போட்ட குரல் செய்தியை அழிக்கப் போனாள். அதற்குக் காலம் கடந்துவிட்டது, அழிக்க முடியவில்லை. 'நான் சொன்ன கதை தப்பு. முழு விவரம் தெரிஞ்சப்புறம் சொல்றேன்' என்று எழுதிப் போட்டாள். உடனே நாலு பேர் 'என்ன ஆச்சு?' என்று கேட்டார்கள். அதைத்தான் அவளும் தெரிந்துகொள்ள விரும்பினாள்.

அந்த மனிதரின் பெயர் தெரியாது. விமான நிறுவனத்திடம் கேட்டாள். பயணிகள் விவரம் தர முடியாது என்றார்கள். அவள் வேலையிலும் அதைத்தான் சொல்வார்கள், அதனால் கோபம் வரவில்லை. தெரிந்ததை வைத்து யோசித்தாள். தமிழர். அடிபட்டதும் மாதாவைக் கூப்பிட்டவர். அப்படியானால் கத்தோலிக்கர். செகந்திராபாத்தில் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஒருவரை ஒருவர் அறியாமல் இருப்பது கஷ்டம்.

ஆபீசில் அடுத்த மேசையில் பிளெசி இருந்தாள். அவள் போவது வேறு சபை, ஆனால் அவள் மாமியார் வீடு கத்தோலிக்கர்கள்.

"பிளெசி, உங்க மாமியார் கோயில்ல யாருக்காவது பிளேன்ல அடிபட்டதா பேச்சு உண்டா?"

பிளெசி நிமிர்ந்தாள். "ஃபெலிக்ஸ் அங்கிள்! ஞாயித்துக்கிழமை பூசையில அவருக்காக ஜெபம் பண்ணாங்களாம். நாச்சாரத்துல லேத் பட்டறை வெச்சிருக்கார். தோள்பட்டை எலும்பு முறிஞ்சிருக்கு, தலையில தையல்." பிறகு கண்ணை அகல விரித்தாள். "அக்கா, நீங்க சொன்ன அந்த ஆளா இவரு?"

"அந்த ஆள்தான்" என்றாள் ஹம்சா. "ஆனா நான் சொன்ன ஆள் இல்லை."

சனிக்கிழமை மத்தியானம் போவன்பள்ளியில் இருந்த ஃபெலிக்ஸின் வீட்டுக்குப் போனாள். காய்கறி மார்க்கெட் பக்கம் தக்காளி லாரி ஒன்று குறுக்கே நின்று வழியை அடைத்திருந்தது. ஆட்டோக்காரர் இறங்கிப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார். அதற்குள் ஹம்சா பேச வேண்டியதை மனதுக்குள் பலமுறை மாற்றி மாற்றி அமைத்துவிட்டாள்.

கதவைத் திறந்தவர் ஃபெலிக்ஸின் மனைவி ஜெயசுந்தரி. "பிளெசி போன் பண்ணுச்சு. வாங்கம்மா. அதே பிளேன்ல வந்தீங்களாமே? உள்ளதான் இருக்காரு. உக்காருன்னா உக்கார மாட்டாரு, படுன்னா படுக்க மாட்டாரு. பிளேன்லயே உக்காரலையே, வீட்ல எங்க உக்காருவாரு?"

ஃபெலிக்ஸ் சாய்வு நாற்காலியில் இருந்தார். இடது கை தூளியில் தொங்கியது. தலையில் ஒரு பக்கம் மழித்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். ஹம்சாவைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். "பச்சை சால்வை" என்றார்.

ஹம்சா உட்கார்ந்தாள். தயாரித்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. "என் பெல்ட்டை நீங்களா மாட்டினீங்க?" என்று நேராகக் கேட்டாள்.

ஃபெலிக்ஸ் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "ஹவ், நான்தான்" என்றார்.

ஜெயசுந்தரி தண்ணீர் டம்ளரோடு நடுக்கூடத்தில் நின்றுவிட்டார். "என்னது? எந்த பெல்ட்?"

"எனக்கு மாட்டிவிட்டுட்டுத் திரும்பும்போதுதான் இவருக்கு அடிபட்டிருக்கு" என்றாள் ஹம்சா. "நான் நல்ல தூக்கம். பெல்ட் போடலை. இவர் மட்டும் மாட்டலைன்னா நான்தான் கூரையில அடிச்சிருப்பேன்."

"இத்தனை நாளா எங்கிட்ட சொல்லலையே நீங்க!" ஜெயசுந்தரியின் குரல் உயர்ந்தது. "நம்ம பொண்ணு போன்ல அந்தத் திட்டு திட்டினாளே, அப்பவும் வாயைத் திறக்கலையே! கைக்கு? ஏன் சொல்லலை?"

"என்னத்தைச் சொல்ல?" ஃபெலிக்ஸுக்கு எரிச்சல் வந்தது. "சத்தம் தாங்காம எழுந்தேன்னு சொல்லவா?"

"என்ன சத்தம்?" இரண்டு பெண்களும் ஒன்றாகக் கேட்டார்கள்.

ஃபெலிக்ஸ் நல்ல கையால் காற்றில் காட்டினார். "இந்தம்மா பெல்ட்டைக் கழட்டிப் போட்டாங்கல்ல, ஒரு பாதி சீட்டுக்கு வெளிய, நடக்கிற வழியில தொங்கிச்சு. நுனியில இரும்பு. பிளேன் ஆட ஆட அது சீட்டுக் கால்ல அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. டிக், டிக், டிக். விட்டு விட்டு. ஒரே மாதிரி அடிச்சாக்கூடப் பழகிடும். இது அப்படியும் இல்ல. பட்டறையில அப்படி ஒரு சத்தம் வந்தா மெஷினை நிறுத்திட்டு எங்க லூசுன்னு பார்ப்பேன். அங்க எதை நிறுத்துறது?"

"எழுப்பியிருக்கலாமே என்னை?"

"கூப்பிட்டேன். மேடம், மேடம்னு ரெண்டு தரம். நீங்க வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்குனீங்க. ஏர் ஹோஸ்டஸ் பொண்ணு தூரத்துல பெல்ட் போட்டு உக்கார்ந்துடுச்சு, அதைக் கூப்பிட முடியாது. உக்கார்ந்த இடத்துல இருந்தே எட்டிப் பார்த்தேன், பெல்ட் விடலை. சரி, ஒரு நிமிஷம்தானேன்னு என்னதைக் கழட்டுனேன். அந்த நுனியைப் பிடிச்சு உங்க மடி மேல போட்டேன். திரும்பவும் வழுக்கி விழுந்துச்சு. அப்புறம்தான் அந்தப் பக்கத்துப் பாதியைத் தேடி எடுத்து மாட்டிட்டேன். மாட்டினா தொங்காதுல்ல?"

"முறுக்கி மாட்டிட்டீங்க."

"முறுக்கிடுச்சா?" ஃபெலிக்ஸுக்கு அது உண்மையாகவே வருத்தமாக இருந்தது. "ஆட்டத்துல கவனிக்கலை. அழுந்திச்சா?"

ஹம்சாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அழுந்தட்டும் சார். அது அழுந்தினதாலதான் நான் இங்க உக்கார்ந்திருக்கேன்."

"நக்கோ, அப்படில்லாம் சொல்லாதீங்க. நான் உங்களைக் காப்பாத்தணும்னு நினைக்கவே இல்ல. நிஜமாத்தான் சொல்றேன். அந்தச் சத்தம் நிக்கணும், அவ்வளவுதான். அதுக்குப் போயி மத்தவங்க கையால மாலை வாங்கிக்க முடியுமா? அதான் யார்கிட்டயும் சொல்லலை."

வெளியே தள்ளுவண்டிக்காரர் மாம்பழம் விற்றுக்கொண்டு போனார். ஜெயசுந்தரி டம்ளரை ஹம்சாவிடம் கொடுத்துவிட்டு, கணவரின் தூளியைத் தேவையில்லாமல் ஒருமுறை சரிசெய்தார்.

"இன்னொண்ணும் சொல்லணும்" என்றாள் ஹம்சா. "நீங்க கீழ கிடந்தப்போ நான் ஒரு வார்த்தை சொன்னேன்."

"கேட்டுச்சு" என்றார் ஃபெலிக்ஸ். "தமிழ்ல யாரோ திட்டுறாங்க, அப்ப உயிரோடதான் இருக்கேன்னு நினைச்சேன்."

"மன்னிச்சிடுங்க."

"விடுங்க. இவ திட்டாததையா நீங்க திட்டிட்டீங்க?"

ஜெயசுந்தரி அதற்குச் சிரிக்கவில்லை. "சொல்லியிருந்தா நான் ஏன் திட்டப் போறேன்?" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே காபி போடப் போனார்.

அவர் தலை மறைந்ததும் ஃபெலிக்ஸ் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் ஒண்ணு கேக்கணும் உங்ககிட்ட. நான் மேல போனதை நீங்க பார்த்தீங்களா?"

"இல்லையே சார். நான் முழிச்சப்போ நீங்க கீழ கிடந்தீங்க."

அவர் முகம் வாடிவிட்டது. "எனக்கு அதுதான் தெரியணும். உக்காரப் போனேன், சீட்டைப் பிடிச்சேன். அப்புறம் தரையில கிடந்தேன். நடுவுல என்ன ஆச்சுன்னே தெரியலை. முப்பத்தஞ்சு வருஷமா இரும்போட வேலை செய்யறேன், ஒரு பொருள் எப்படி விழும், எந்தப் பக்கம் சாயும்னு எனக்குத் தெரியும். நானே விழுந்திருக்கேன், அது தெரியலை. ராத்திரியெல்லாம் அதையே யோசிக்கிறேன். தலை முதல்ல அடிச்சதா, தோளா? குப்புற எப்படி விழுந்தேன்? யாரைக் கேக்கறது? கேட்டா இவ திட்டுவா."

ஹம்சா போனை எடுத்தாள். "என் பக்கத்துல ஒரு பையன் இருந்தானே, அவன் பார்த்திருக்கலாம்" என்றாள்.

ஜெயந்த் எடுத்தான். விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டுச் சின்ன மேசைமேல் வைத்தாள்.

"அங்கிள், எப்படி இருக்கீங்க?" என்றான் ஜெயந்த். "பார்த்தேன் அங்கிள். அதை மறக்கவே முடியலை. சொல்லட்டுமா? பரவாயில்லையா?"

"சொல்லு தம்பி, சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு."

"நீங்க உக்காரப் போனீங்க. முழங்கால் மடிஞ்சிருந்தது. அப்போ திடீர்னு சீட் கீழ போச்சு. நீங்க போகலை. உக்கார்ந்த மாதிரியே மேல இருந்தீங்க, சீட் இல்லாம. அங்கிள், நிஜமா, நிதானமாத் தெரிஞ்சுது. உங்க கண்ணாடி உங்க முகத்துக்கு முன்னால தனியா மிதந்துச்சு. ஆன்ட்டி செருப்பும் எழும்பி வந்துச்சு."

"நான் கத்தினேனா?"

"இல்ல. ஆச்சரியமாப் பார்த்தீங்க. அவ்வளவுதான். ஒரு கையை மேல தூக்கினீங்க, சீலிங்கைப் பிடிக்கிற மாதிரி."

"எந்தக் கை?"

"வலது கை."

"அப்போ இடது தோள் முதல்ல பட்டிருக்கு" என்றார் ஃபெலிக்ஸ். வலது கையை மெல்ல உயர்த்தி, உடம்பை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். வலியில் முகம் சுளித்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. "ஹவ், சரியா வருது. தோள் பட்டுச்சு, தலை திரும்பிச்சு, விளக்கு மூடியில கிழிஞ்சிருக்கும். அப்புறம்?"

"அப்புறம் பிளேன் டக்குனு நின்ன மாதிரி ஆச்சு. நீங்க கீழ வந்தீங்க. கைப்பிடியில இடுப்பு பட்டு, திரும்பி, வழியில விழுந்தீங்க."

"அதான் குப்புற." அவருக்குப் பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்தது. "அதான்."

"எங்க வீட்ல ஒருத்தர் சொல்றார்" என்றாள் ஹம்சா, "நீங்க மேல போகவே இல்லையாம். இருந்த இடத்துலயே இருந்தீங்களாம். கூரைதான் இறங்கி வந்ததாம்."

ஃபெலிக்ஸ் அதை வெகுநேரம் யோசித்தார். "அப்படின்னா," என்றார் கடைசியில், "நான் ஒரு தப்பும் பண்ணலை. நான் சும்மா இருந்தேன்."

காபித் தட்டோடு வாசற்படியில் ஜெயசுந்தரி நின்றிருப்பதை அப்போதுதான் கவனித்தார்கள். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. ஃபெலிக்ஸ் தூக்கிய கையைச் சட்டென்று இறக்கிக்கொண்டார்.

ஜெயசுந்தரி தட்டைக் கீழே வைத்தார். கணவரின் காலருகே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போனைப் பார்த்துச் சொன்னார்:

"தம்பி, நான் பாதியிலதான் வந்தேன். உக்காரப் போனாருன்னியே, அங்கேருந்து மறுபடி சொல்லுப்பா."